பரீட்சையும் பொருளாதார ஞானமும்

பொருளாதார சாஸ்திரத்தில் பட்டம் பெறும் வாலிபர் அச்சாஸ்திரத்தை உள்ளபடி கற்றனரா என்பதை நமது சர்வகலாசாலைகள் எவ்வாறு அறிகின்றன? தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பருவமுடிவுப் பரீட்சைக்கு 75 மார்க்கு. கல்லூரியே இடும் அகமதிப்பீட்டுக்கு 25 மார்க்கு. பரீட்சையில் தேவை விதியை விளக்குக என்பது கேள்வி. மாணவர் ஒரு பிழையுமின்றி ஒப்புவிக்கிறார். ஆனால் அமோகமாய் விளைந்த வருஷத்தில் குடியானவன் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டுவானேன் என்று கேட்டால் அதே மாணவர் திகைக்கிறார். விலை வீழ்ந்தாலும் அதற்கேற்ப விற்பனை பெருகாது என்பதும், பறிகூலிக்கும் வண்டிச்சத்தத்துக்கும் விலை ஈடாகாது என்பதும் அவர் ஒப்புவித்த பாடத்திலேயே அடங்கியவை.

சமீப காலமாகப் பாடத்திட்டங்களின் முகப்பில் ‘கற்றல் விளைவுகள்’ என்றொரு ஜாபிதா அச்சிடப்படுகிறது. மாணவர் ஆராய்வார், பிரயோகிப்பார் என்று அது வாக்களிக்கிறது. கேள்வித்தாளோ மனப்பாடத்தையே கேட்கிறது. கேட்பது மாறாதவரை கற்பதும் மாறாது.

வேறு வழி நமக்குப் புதிதன்று. சென்னை சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் முதலியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்களைப் பற்றிய அவ்விவரங்கள் 1918-ல் நூலாயின. அவ்வூர்களைப் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940-ல் நூல் வெளியிட்டனர். 1980-களிலும் அறிஞர்கள் இருவேல்பட்டை நாடிச் சென்றனர். பரீட்சைத்தாள் எதற்காவது இத்தகைய ஆயுள் உண்டா?

ஸ்லேட்டராவது அந்நியர். நம் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவோ, அமெரிக்காவில் பொதுநிதி பயின்று திரும்பியபின், காந்தியடிகளின் விருப்பப்படி குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். குடியானவனின் வரவு என்ன, செலவு என்ன, அவன் செலுத்தும் நிலவரி நியாயமானதா என்பவற்றை அம்மாணவர்கள் நேரில் கண்டு கற்றனர்.

களவேலைக்கு மார்க்கு அளித்தால் பட்சபாதமும் நகலெடுப்பும் மலியும் என்பர் சிலர். இந்த ஆட்சேபம் அற்பமானதன்று. அகமதிப்பீட்டு மார்க்கு அள்ளி வழங்கப்படுவதை யாவரும் அறிவர். ஆயினும் பரிகாரம் உண்டு. ஒவ்வொரு மாணவரும் ஒரு தெருவையோ, சந்தையையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ விசாரித்துக் குறிப்பேடு எழுதட்டும். வெளிக்கல்லூரி ஆசிரியர் இருவர் அவ்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேள்வி கேட்கட்டும். தானே சென்று கணக்கெடுத்தவன் எக்கேள்விக்கும் அஞ்சான்; நகலெடுத்தவன் இரண்டாவது கேள்வியிலேயே அகப்படுவான். அவ்விடையை அவன் தமிழிலே கூறவும் தடை இருத்தலாகாது.

இதற்கு ஆசிரியரும் அவகாசமும் வேண்டும், செலவும் ஆகும். அச்செலவுக்கு அஞ்சினால், சர்க்காரின் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்து உண்மை எது, ஜாலம் எது என்று ஜனங்களுக்கு எடுத்துரைக்க வல்லார் அருகிப்போவர். சுயராஜ்யம் பெற்ற தேசத்துக்கு அதனினும் பெரிய நஷ்டம் இல்லை. செனட் சபையார் இதைச் சிந்திப்பார்களாக.