தானே ஓடும் ரயில்: செலவு யார் தலையில்?

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் கேட்டு ராஜ்ய சர்க்கார் அனுப்பிய திட்டங்களை, 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் ஜனத்தொகை இல்லாத நகரத்துக்கு மெட்ரோ கிடையாதாம். 2017-ம் வருஷத்துக் கொள்கை அப்படிச் சொல்கிறதாம். 2011 கணக்குப்படி ஆக்ராவிலும் 20 லட்சம் பேர் இல்லை. அங்கே 2024 மார்ச்சிலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஆக்ராவுக்கு ஒரு நியாயம், மதுரைக்கு வேறொரு நியாயமா?

பெரிய நகரங்களுக்கே இந்தக் கதி என்றால் நெல்லையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. 2011 கணக்கில் நமது மாநகராட்சியின் ஜனத்தொகை 4 லட்சத்து 73 ஆயிரம்தான்.

ஆனால், சிறிய ஊருக்கு மெட்ரோ ஆகாது என்பது உண்மையல்ல. பிரான்சில் ரென் என்ற நகரம் இருக்கிறது. அங்கே வசிப்போர் சுமார் இரண்டேகால் லட்சம். சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்தாலும் நெல்லை அளவுதான் வரும். அங்கே 2002 முதல் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ஓடுகிறது. 2022-ல் இரண்டாவது பாதையும் திறந்துவிட்டார்கள். அதைவிடச் சிறிய இத்தாலிய நகரமான பிரெஸ்சியாவில் 2013 முதல் ஓடுகிறது.

இது எப்படி முடிகிறது? நூல் அறுந்ததும் தானாக நிற்கும் மெஷினை மில் தொழிலாளி பார்த்திருக்கிறார். அதே போல, முன்னால் வண்டி நின்றால் பின்னால் வரும் வண்டி தானே நிற்கிறது. ஒரே அறையிலிருந்து பாதை முழுவதையும் கண்காணிக்கிறார்கள். வண்டிக்கு ஓர் ஓட்டுநர் தேவையில்லாததால், நீளமான வண்டியை எப்போதாவது விடுவதற்குப் பதில், இரண்டே பெட்டி கொண்ட வண்டிகளை அடிக்கடி விட முடிகிறது. வண்டி சிறிதானால் நிலையமும் சிறிதாகிறது. கட்டும் செலவும் குறைகிறது.

“அப்படியானால் ஓட்டுநரின் பிழைப்பு?” என்று தொழிலாளி கேட்பது நியாயமே. பாரிஸ் நகரின் மிகப் பழைய பாதை, முதலாம் எண் பாதை. அது 2012 முடிவதற்குள் முழுவதும் தானியங்கியாக மாற்றப்பட்டது. சங்கங்களுடன் பேசி, ஓட்டுநர்களுக்கு வேறு பாதைகளிலும் வேறு பொறுப்புகளிலும் வேலை கொடுத்தார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. யந்திரம் நமக்குச் சத்துரு அல்ல. அது மிச்சம் பிடிக்கும் உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதே கேள்வி.

அடுத்த கேள்வி, பணம் யார் கொடுப்பது? பிரெஞ்சு நகரங்களில் முதலாளிகளும் கொடுக்கிறார்கள். தொழிலாளி வேலைக்கு வந்து போவதால் லாபமடைவது முதலாளி. ஆகவே போக்குவரத்துச் செலவில் அவரும் பங்கு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1971-ல் பாரிசிலும், 1973-ல் மற்ற நகரங்களிலும் அது வந்தது. இன்று 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஸ்தாபனங்கள், சம்பளத் தொகையில் ஒரு விகிதத்தை இதற்காகத் தனியே கட்டுகின்றன. இது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிப்பதல்ல.

நம் நாட்டிலோ கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். சென்னையில் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல். அங்கேயும் ஓட்டுநர் இல்லாத வண்டிகள்தான் ஓடப் போகின்றன. வாங்கிய கடனை டிக்கெட் விலையில் ஏற்றினால், தினக்கூலிக்காரன் அந்த ரயிலைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

நெல்லைச் சீமைக்கு அவசரமாக வேண்டியது வேறு. தென்காசிக்குப் போகும் ரயில் பாதை 2012-லேயே முழுவதும் அகலப் பாதையாகிவிட்டது. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. ஆனால் பாசஞ்சர் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும், விடியுமுன் நடவுக்குப் புறப்படுகிறவளுக்கும் அந்தத் தண்டவாளத்தால் என்ன பிரயோசனம்? 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல காரியம். ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்?

எனவே நாம் கோருவது இது: போட்டிருக்கும் தண்டவாளத்தில் ஷிப்டு நேரத்துக்கும் வயல் வேலை நேரத்துக்கும் ரயில் விடு. கிராமங்களுக்கு டவுன் பஸ்களைப் பெருக்கு. பெரிய முதலாளிகளிடம் போக்குவரத்து வரி வசூல் செய். நாளை நெல்லைக்குத் தானே ஓடும் ரயில் வருமானால், வரட்டும். ஆனால் ஒரு தொழிலாளிக்கும் வேலை போகக் கூடாது, பெண்களின் இலவசப் பயணமும் பறிபோகக் கூடாது.

மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் காத்து நிற்பது ஒரே பஸ் ஸ்டாப்பில்தான். இந்தக் கோரிக்கையையும் அவர்கள் சேர்ந்தே எழுப்ப வேண்டும்.