அடிபட்ட பிள்ளையும் ரவுடிப் பட்டமும்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஓர் இளைஞர் கொலை வழக்கில் கைதானால், ‘வடசென்னை ரவுடி’ என்ற பட்டத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. பத்து வயதில் அவர் யாரிடம் அடி வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடோம் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளில் 26 சதவீதத்தினர் சிறார் பருவத்திலேயே வழக்கில் சிக்கினர். மற்ற பிள்ளைகளில் இது 17 சதவீதம். அதாவது, ஆபத்து கூடுகிறது. ஆனாலும் பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள். அடிபட்ட பிள்ளைக்கெல்லாம் முத்திரை குத்துவது இன்னொரு கொடுமை.

திருத்த வேண்டிய அரசே அடித்தால்? 2022 டிசம்பரில், ரயில்வே பேட்டரி திருட்டு வழக்கில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் இறந்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். சிறார் இல்லங்களைச் சீரமைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழுவும் அறிக்கை அளித்துவிட்டது. 1920இலேயே சிறார் சட்டம் இயற்றிய மண்ணில் அந்த அறிக்கை தூசு படியக் கூடாது.

காசிமேட்டில் தந்தை விசைப்படகில் நாள்கணக்கில் கடலுக்குப் போயிருப்பார். எண்ணூரில் தாய் ஷிப்ட் வேலையில் இருப்பார். பிள்ளை பள்ளிக்கு வராதபோது வீடு தேடிப் போக ஆள் வேண்டும். காவல் துறையின் சிறுவர் மன்றங்களில் கேரம் பலகையோடு மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும். ‘ரெண்டு தட்டு தட்டி அனுப்பு’ என்ற ஸ்டேஷன் வழக்கம் ஒழிய வேண்டும். 1098 என்ற உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, சிறை கட்டும் செலவைவிடக் குறைவு.