ஐயாயிரத்தொன்றாவது பாட்டு

பழைய காலத்தைத் திரும்பக் கொண்டுவந்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், முதலில் என் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கம். பழைய காலம் இலவசமாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்போது அது அட்டைப் பெட்டியில் அடைத்து, பிசின் நாடா ஒட்டி, வீட்டு வாசலுக்கே வருகிறது. பிரித்தால் உள்ளே ஒரு பாட்டுப் பெட்டி. மரம் போன்ற நிறம், முன்பக்கம் சல்லடை, பித்தளை போல மின்னும் திருகு. வெளியே பார்த்தால் 1960-ம் வருஷத்து ரேடியோ. உள்ளே இருப்பது நகத்தளவு சில்லு. ரேடியோ, முன்பே நிரப்பிய பாட்டுகள், புளூடூத், யூ.எஸ்.பி. துவாரம் எல்லாம் ஒன்றிலேயே அடக்கம். இன்னொரு ஜாதிப் பெட்டியில், மூடியைத் திறந்தால் இசைத்தட்டும் சுழலும், பக்கவாட்டில் கேசட்டும் ஓடும்.

பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கித் தரும் சாமான்களில் இதற்கு இப்போது முக்கிய ஸ்தானம். முத்தியால்பேட்டையில் எங்கள் வட்டாரத்தில் மட்டும் நாலைந்து வீடுகளில் பார்த்துவிட்டேன். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட திண்ணைகளுக்குப் பின்னால் இன்று இந்தப் பெட்டி பாடுகிறது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரீஸிலே பிள்ளை இருப்பது அதிசயமில்லை. 'சொல்தா' பென்ஷன் வாங்கிய தகப்பனாருக்கும், அவர் போன பிறகு தனியாக இருக்கும் தாயாருக்கும், பிள்ளை அங்கிருந்தபடியே பணம் கட்டி அனுப்பிவைக்கிறான்.

இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். "கையில் இருக்கிற போனிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறபோது இது எதற்கு?" என்கிறார்கள். அவர்கள் கட்சியில் நான் இல்லை. எழுபது வயசு விரலுக்குக் கண்ணாடித் திரை பணிவதில்லை. பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்து குதிப்பதைப் பெரியவர்கள் சகிக்கவேண்டும் என்றும் சட்டமில்லை. திருகைத் திருப்பினால் பாட்டு வருகிறது என்பது ஒரு நல்ல ஏற்பாடு. அதைப் பழிக்க நான் வரவில்லை.

என் வழக்கு வேறு. இது பழைய பெட்டியைப் போல இருக்கிறது என்கிறார்களே, அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் மறுக்கிறேன்.

பழைய பெட்டி எப்படி இருந்தது? கிராமபோனை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாட்டு. அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிந்தாகவேண்டும். முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்பவேண்டும்; ஊசியை மாற்றவேண்டும்; கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்கவேண்டும். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லை பிடித்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. மேலே வைக்கிற தட்டு யாருடையது என்று அது கேட்டதே இல்லை. ஹெச்.எம்.வி. தட்டும் சுழலும், கொலம்பியாவும் சுழலும், ஓடியனும் சுழலும். நாய்ச் சின்னம் போட்ட பெட்டியில் நாய்ச் சின்னம் போடாத தட்டை வைத்தால், அது குரைக்கவில்லை, பாடியது.

பிறகு தேக்கு மரப் பெட்டியில் ரேடியோகிராம் வந்தது. ரேடியோவும் தட்டும் ஒன்றாக இருந்த அதுதான் உண்மையில் முதல் 'எல்லாம் ஒன்றில்'. அதன் ரேடியோவும் அப்படியே. இலங்கை வானொலிக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டு, நேயர் விருப்பத்தில் தம் பெயர் வருமா என்று காது கொடுத்துக் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் கேட்ட பாட்டு எந்தக் கம்பெனித் தட்டில் இருந்தாலும் அறிவிப்பாளர் போட்டார்.

புதிய பெட்டி அப்படியா? நம் நாட்டில் இந்த வியாபாரத்தைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது சரிகம கம்பெனியின் 'கார்வான்'. அது 2017-ல் வந்தது. பிறகு தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. 5,000 பாட்டுகள் உள்ளேயே இருக்கும். சரிகம என்பது புதுப் பெயர். பழைய கிராமபோன் கம்பெனிதான் 2000-த்தில் இப்படிப் பெயர் மாறியது. 1908-ல் கல்கத்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வைத்ததே, அதே வம்சம். அவர்கள் களஞ்சியம் பெரிது. அதில் இருப்பதெல்லாம் ரத்தினம். அவர்கள் தங்கள் சரக்கை விற்பதில் குற்றமும் இல்லை. மளிகைக் கடைக்காரர் தம் கடை அரிசியைத்தான் அளப்பார். வாங்குகிற நாம் அல்லவா, ஒரு கடையின் அரிசியைப் பார்த்து, 'இதுதான் நம் தேசத்து நெல் முழுவதும்' என்று நினைத்துக்கொள்கிறோம்!

ஒரு கம்பெனி நிரப்பித் தருகிற பெட்டியில் அந்தக் கம்பெனிக்கு உரிமையுள்ள பாட்டுதான் இருக்கும். எந்தப் பாட்டு உள்ளே போகும் என்பதை அதன் இனிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. பாடியவர் பெருமையும் தீர்மானிப்பதில்லை. என்றோ எழுதிய ஓர் ஒப்பந்தம் முதலில் தீர்மானிக்கிறது. சின்னக் கம்பெனி தட்டுப் போட்டு மூடிவிட்டுப் போனதா? இல்லை. நாடக மேடைப் பாட்டா? கம்பெனியின் அலமாரியில் இருந்தால் உண்டு. உங்கள் அத்தை கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்காரர் திரும்பத் திரும்பப் போட்ட அந்த ஒரு தட்டா? அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

"5,000 போதாதா?" என்று கேட்கலாம். பாட்டுக்கு 4 நிமிஷம் வீதம் 20,000 நிமிஷம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் பதினொரு மாதம் வரும். காதுக்குத் தாராளமாகப் போதும். ஞாபகத்துக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் அடுத்த தெருவில் ஓர் அம்மாள். பெட்டி என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அது வந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எல்லாப் பாட்டும் இதுல இருக்குன்னு பையன் சொன்னானே, நான் கேக்குறது மட்டும் வரலியே?" என்றார். கூட வந்த புத்தகத்தில் தேடினேன், இல்லை. எந்தப் பாட்டு என்று தெரிவதற்காக அவரே மெல்லிய குரலில் இரண்டு அடி பாடிக் காட்டினார். கேட்டிராத பாட்டு, நல்ல மெட்டு. நாலைந்து மாதம் கழித்து, "அந்தப் பாட்டு எங்கேயாவது கிடைத்ததா, அம்மா?" என்று விசாரித்தேன். "எந்தப் பாட்டு, தம்பி?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "இருக்கறதே நல்லா இருக்கு. இல்லாததை எதுக்குத் தேடிக்கிட்டு?" என்றார். வயசு காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாதங்களில் பெட்டியில் இருந்த பாட்டு ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

யூ.எஸ்.பி. துவாரம் இருக்கிறதே, வேண்டிய பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். இருக்கிறது. தெரியாதவர்களுக்காக வாங்கிய பெட்டியில், தெரிந்தவர்களுக்கு மட்டும் உதவுகிற துவாரம். அதில் எதையாவது செருக வேண்டிய பிள்ளை பாரீஸில் அல்லவா இருக்கிறான்?

தட்டுச் சுழற்றும் ஜாதிப் பெட்டி இன்னொரு விதத்தில் வஞ்சனை செய்கிறது. 33, 45, 78 என்று மூன்று வேகமும் அதில் போட்டிருக்கிறது. பரணில் இருந்து தாத்தாவின் தட்டுகளை இறக்கித் துடைத்து அதன்மேல் வைக்கிறார்கள். 78 தட்டின் வரிப்பள்ளம் எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்குத் தனி ஊசி வேண்டும். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எல்.பி. ஊசிதான். அது அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கையும் இரைச்சலையும் கிளறுகிறது. எல்.பி. தட்டாவது பிழைக்குமா என்றால், நல்ல கருவியில் ஊசியின் பாரம் சுமார் 2 கிராம். இவற்றில் 5 கிராமும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. பழசைப் போல வேஷம் போட்டு வந்த பெட்டி, நிஜமான பழசைத் தேய்த்துத் தின்கிறது.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. பாரதியார் 1908-ல் இந்த ஊருக்கு வந்தார். 1918 வரை இருந்தார். குயில் பாட்டு பிறந்தது முத்தியால்பேட்டையை அடுத்த மாந்தோப்பில்தான் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அந்தக் குயிலுக்கு எந்தக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இருந்திராது. ஆனால் கவிஞர் மறைந்த பிறகு அவர் பாட்டுகளை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வியாபாரியின் கைக்குப் போயிற்று. அங்கிருந்து, இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிப் பட முதலாளியான ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, 'உரிமை எங்களுடையது' என்று ஆட்சேபம் எழுந்தது. தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. எழுத்தாளர்கள் எழுதினார்கள், கூட்டங்கள் போட்டார்கள். 1949-ல் சென்னை மாகாண சர்க்கார் உரிமையை ஏற்றது. செட்டியாரும் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி பாட்டு எல்லாருக்கும் பொதுவாயிற்று.

ஒரு கவிஞருக்காக அன்று அவ்வளவு கிளர்ச்சி செய்த ஜனங்கள், ஒரு காலத்தின் பாட்டு முழுவதையும் ஒரு கம்பெனியின் அலமாரியளவுக்குச் சுருக்கிக் கொடுத்தால், இன்று மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். கேள்வி கேட்கவும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. இந்தியாவில் ஓர் ஒலிப்பதிவின் உரிமைக் காலம், அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவரவர் காலமான பின்பும் 60 ஆண்டு நிற்கும். ஆனால் 1950களில் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துபோயிற்று. அந்தத் தட்டுகள் தனியார் சேகரிப்பிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் இருக்கின்றன. அவற்றைத் தூசு தட்டி, விடுபட்டவற்றை வகைப்படுத்தி, பொது நூலகத்தின் வழியாகவும் வானொலியின் வழியாகவும் ஜனங்களிடம் சேர்ப்பது வியாபாரியின் வேலை அல்ல. சர்க்காரின் வேலை, கேட்க வேண்டியது நம் வேலை.

ஆகவே, பெட்டி வாங்குவதானால் வாங்குங்கள். ஆனால் வாங்கிக் கொடுத்த அன்றே உங்கள் தாயாரிடமோ தகப்பனாரிடமோ உட்கார்ந்து, அதில் இல்லாத ஒரு பாட்டைக் கேளுங்கள். முதல் அடியைப் பாடச் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம், பாடியவர், எங்கே கேட்டார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். பிறகு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் கையாலேயே அந்தத் துவாரத்தில் செருகுங்கள். கம்பெனி கொடுக்கிற ஐயாயிரத்தை எல்லார் வீட்டுப் பெட்டியும் பாடும். ஐயாயிரத்தொன்றாவது பாட்டு உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் கேட்காமல் விட்டீர்களானால், அதற்குக் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது.