கூட்டம் பாடம் நடத்தாது

மருத்துவக் கல்லூரி விழா எதுவானாலும் மேடையில் ஒரு வசனம் வந்தே தீரும்: “இங்கே வருகிற கூட்டம்தான் மாணவர்களுக்குப் பாடப்புத்தகம்.” உடனே கைதட்டல் எழும். காரோட்டிலும் பாறசாலையிலும் வாழும் நாங்கள்தான் அந்தக் கூட்டம். தாலுகா ஆசுபத்திரியில் ரெஃபர் எழுதிக் கொடுத்தால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ, எல்லை தாண்டி ஆசாரிப்பள்ளத்துக்கோ ஓடுகிறவர்கள். எங்கள் நோயைக் காட்டி இப்படிப் பெருமை பேசுவதை வருடக்கணக்காகக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

கூட்டமே பாடம் என்கிறவர்கள் முதலில் நெய்யூரை இழுப்பார்கள். டாக்டர் சோமர்வெல் கூட்டத்தின் நடுவில் நின்றுதானே பெரிய சர்ஜன் ஆனார் என்பார்கள். இல்லை. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து வந்தவர், நெய்யூர் மிஷன் ஆசுபத்திரியில் நோயாளிகள் குவிந்திருந்ததையும் போதிய டாக்டர் இல்லாததையும் பார்த்து அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். வரும்போதே அவர் லண்டனில் பயிற்சி பெற்று, முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்து தேறிய சர்ஜன். நெய்யூர்க் கூட்டம் அவருக்கு வேலை கொடுத்தது, தொழிலைக் கற்றுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.க்குப் போய் அவரே சர்ஜரி கற்பித்தார். எங்கள் பக்கத்துக் காரக்கோணம் கல்லூரிக்கு அவர் பெயர்தான். கற்பிப்பதற்கென்றே வேலூர் போன மனிதரைச் சாட்சிக்கு அழைத்து, கற்பிக்க ஆள் வேண்டாம் என்று வாதாடுவது அநியாயம்.

“நாங்கள் முப்பத்தாறு மணி நேரம் நின்று படித்தவர்கள்” என்பது அடுத்த பேச்சு. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ரெசிடென்ட் டாக்டர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டு டூட்டி முறைகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், நீண்ட டூட்டியில் இருந்த இன்டர்ன்கள் செய்த கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். அந்தத் தவறு யார் உடம்பில் நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பொம்மையில் ஊசி போட்டுப் பழகியவன் டாக்டரா என்றும் கேட்கிறார்கள். முதல் ஊசி என் பேரப்பிள்ளையின் கையில் இறங்குவதைவிடப் பொம்மையில் இறங்கட்டும்.

சரி, கூட்டம் மாணவனுக்கு உண்மையில் எதைத் தருகிறது? இரவெல்லாம் ரத்தம் எடுக்க வேண்டும், சாம்பிளை லேபில் சேர்க்க வேண்டும், காணாமல் போன ரிப்போர்ட்டைத் தேட வேண்டும், ப்ளட் பேங்கில் பேச வேண்டும், விடிவதற்குள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். எல்லாம் எங்களுக்காகச் செய்கிற வேலைதான், நன்றி மறக்கவில்லை. ஆனால் அதைப் படிப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறோம். நூறு வயிற்றைத் தொட்டாலும், தொடும் முறை தப்பு என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தத் தப்புதான் நூறு முறை பழகும்.

ஒரு பெரிய ஆசுபத்திரியில் மாமாவுக்குக் கூட்டிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டா. இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். ரவுண்ட்ஸ் வந்த மூத்த டாக்டரம்மா அதைப் படித்தார், திட்டவில்லை. பாட்டாவிடம் கேட்டுக்கொண்டு அவரை வலப்பக்கமாகச் சரித்தார். இடது விலாவுக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். இளைஞரின் விரல்களை விலாவின் கீழ் ஓரத்தில் வைத்து, “அழுத்தாதே, சும்மா வை. பாட்டா, மூச்சை நல்லா உள்ள இழுங்க” என்றார். மூச்சு இறங்கியதும் அந்தப் பையன் முகம் மாறியது. “முட்டுது மேடம்.” “இன்னொரு தடவை, நீயே பார்.” சில நிமிஷம்தான் ஆகியிருக்கும். நோயாளி அதே நோயாளி, கையும் அதே கை. பக்கத்தில் ஒருவர் நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் காலியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடுங்கள், உடன் நிற்போம்.

2019-இல் வந்த பாடத்திட்டத்திலிருந்தே மாணவர்களுக்கு லாக்புக் இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது மொத்தமாகக் கையெழுத்து வாங்கி அதை நிரப்பினால் என்ன பயன்? ஆசிரியர் வந்தாரா என்று முகத்தை வைத்து வருகை பதியும் முறையும் 2025 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. வந்தவர் எந்தக் கட்டிலருகே நின்றார், யார் கையைத் திருத்தினார் என்ற கணக்கையும் கல்லூரி முதல்வர்கள் வாராவாரம் கேட்டு வாங்கட்டும்.