அபிஷேகப்பட்டிக்கு பஸ் ஏறுற பிள்ளைக்காகப் பேசுவோம்



என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வர்ற அன்னைக்குத்தான் நம்ம டைம்லைனுக்கு அரசுப் பல்கலைக்கழகம்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வருது. இடம் மேல போனா நாம கார்டு போடுறோம். கீழ இறங்கினா அவங்க மீம் போடுறாங்க. ரெண்டே நாள்ல எல்லாரும் மறந்துடுறோம். அங்க படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு யாரும் கேட்கிறதில்லை.

இன்னைக்கு அதைப் பேசுவோம். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கோங்க. தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்தவர் பேரைத் தாங்கி நிற்கிற பல்கலை. தொடங்கின வருஷம் 1990. அதுக்கு முன்னாடி தென்மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்துச்சு. நாகர்கோவில்ல படிச்ச ஒரு பொண்ணு சான்றிதழ்ல ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தணும்னாலும், பல்கலை இருந்தது 200 கிலோமீட்டருக்கு அப்பால்.

இன்னைக்கு பேட்டையைத் தாண்டினா அபிஷேகப்பட்டி. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுத்துற அம்மாவோட மகள் காலையில பஸ் ஏறி எம்.எஸ்சி. வகுப்புக்குப் போயிட்டு, சாயங்காலம் வீடு திரும்பலாம். "வெளியூர் ஹாஸ்டல்ல விட்டுப் படிக்க வைக்க முடியாதும்மா"ன்னு சொல்ற அப்பாவைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு இருக்கிற ஒரே வாதம், "பக்கத்துலதானேப்பா!"

சின்னப் பல்கலைன்னு சிரிக்கிறவங்க இதையும் கேட்டுக்கோங்க. இதோட கடல்சார் ஆய்வு மையம் குமரிக் கடற்கரையில, ராஜாக்கமங்கலத்துல இருக்கு. சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துல, ஆழ்வார்குறிச்சியில இருக்கு. கடலைப் படிக்க கடற்கரை, காட்டைப் படிக்க மலையடிவாரம்!

உயர்கல்வி சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல 47 சதவீதம், இந்திய அளவுல 28.4. இந்த உயரத்துக்கு நாம வந்ததுல ஊர்ப்பக்கக் கல்லூரிகளுக்கும், அதுக்குப் பட்டம் தர்ற இந்த மாதிரி பல்கலைகளுக்கும் பெரிய பங்கு இருக்கு.

அதுக்காக, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல வரல. அரசுப் பல்கலையில படிச்ச நம்ம பசங்க யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. நிரந்தரப் பேராசிரியர் ஓய்வு பெற்ற இடத்துல வருஷக்கணக்கா கௌரவ விரிவுரையாளர். லேப்ல ஒரே கருவிக்கு முன்னாடி வரிசை. ரிசல்ட் வந்தும் கைக்கு வராத மார்க்‌ஷீட். கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில மூடி வைக்கிற லைப்ரரி புத்தகம். இதைப் பேசினா கட்சிக்குக் கெட்ட பேர்னு நினைக்காதீங்க. காலியிடத்தை நிரப்பு, நிதியைக் கொடுன்னு எந்த ஆட்சியா இருந்தாலும் கேட்கிறதுதான் நம்ம வேலை.

அதே சமயம், டெல்லியில இருந்து வர்ற ஆபத்தையும் பார்க்கணும். 2025 ஜனவரியில யுஜிசி ஒரு வரைவு விதிமுறை விட்டுச்சு. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க மூணு பேர் குழு. வேந்தர் சார்புல ஒருத்தர், யுஜிசி சார்புல ஒருத்தர், பல்கலைக்கழகம் சார்புல ஒருத்தர். மாநில அரசு சார்புல? யாரும் கிடையாது! சட்டம் போட்டுப் பல்கலையை உருவாக்கினது மாநிலம், நிதி கொடுக்கிறது மாநிலம், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மாநிலம் வெளிய நிக்கணுமாம். ஜனவரி 9-ஆம் தேதியே நம்ம சட்டமன்றம் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது சும்மா இல்லை.

"துணைவேந்தர் யாரா இருந்தா மாணவனுக்கு என்னங்க?"ன்னு சிலர் கேட்கிறாங்க. வீட்ல இருக்கிற பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. கீழ யார் கையெழுத்து? நியமனச் சண்டையில அந்த நாற்காலி காலியா கிடந்தா, பேராசிரியர் நியமனத்துல இருந்து பட்டமளிப்பு வரைக்கும் எல்லாம் இழுக்கும். வேலைக்கு ஆர்டர் வாங்கிட்டு, சான்றிதழ் எங்கன்னு கேட்கிற கம்பெனிக்குப் பதில் சொல்ல முடியாம நிக்கப் போறது அந்த ஆலங்குளத்துப் பொண்ணுதான்.

"தனியார் பல்கலை வந்தா போச்சு"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரே கேள்வி. ஃபீஸ் எவ்வளவுன்னு அந்தப் பீடித் தொழிலாளி அம்மாகிட்ட போய்ச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

அதனால, அடுத்த கார்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. உங்க வார்டுல, உங்க கிளையில, பக்கத்துப் பல்கலைக்குப் போற ஒரு மாணவரை நேர்ல பாருங்க. பஸ் நேரத்துக்கு வருதா, உதவித்தொகை வந்துச்சா, சான்றிதழ் கிடைச்சுதான்னு கேளுங்க. பஸ் பிரச்சினைன்னா டெப்போ கிளை மேலாளருக்கு மனு எழுதிக் கொடுங்க. மத்தது எல்லாம் நம்ம பேஜ் இன்பாக்ஸுக்கு அனுப்புங்க, மாணவர் அணி மூலமா எடுத்துட்டுப் போவோம்.

கார்டு டிசைன் பண்ண நமக்கு அரை மணி நேரம் போதும். அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் பஸ் ஏறி இறங்கணும். அந்த ரெண்டு வருஷமும் அவ பக்கம் நாம நிக்கணும்.

#நம்மபல்கலை_நம்மஉரிமை