மூக்கு ஏமாறும் இடத்தில் நானோ!



'நானோ' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, "அதெல்லாம் பிஎச்.டி. படிக்கிறவங்க சமாச்சாரம், டிப்ளமோவுக்கு எதுக்குப்பா?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கக் கூடாது என்பதே என் கட்சி!

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். அந்த அளவில் பொருளின் குணமே மாறிவிடும். மஞ்சள் தங்கம் சிவப்பாகத் தெரியும்! கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும், 2020-க்குப் பின் வந்த கொரோனா கிட்டுகளிலும் நாம் பார்த்த சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். குடிநீரில் கலந்த ஆர்சனிக் நஞ்சை வடிகட்டும் நானோ பொருளைத் தந்தது நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு. ஆக, நானோ நம் வாசலுக்கு எப்பவோ வந்தாச்சு.

ஆனால் அது வந்தே ஆகவேண்டிய இடம் இன்னொன்று உண்டு. பாதாளச் சாக்கடை!

அங்கே உயிரைக் குடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பிபிஎம்-ஐத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிடுச்சு, ஆபத்தில்லை" என்று நினைக்கிற நேரம்தான் எமன் பக்கத்தில் நிற்கிற நேரம்! மூக்கை நம்ப முடியாத இடத்தில் எதை நம்புவது? சென்சாரைத்தான்.

1962-ல் ஜப்பானின் நவோயோஷி டகுச்சி, டின் ஆக்ஸைடு கொண்டு வாயு சென்சார் செய்தார். தத்துவம் எளிது. சூடாக்கிய டின் ஆக்ஸைடு மேல் காற்றின் ஆக்ஸிஜன் உட்கார்ந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும்; ரெசிஸ்டன்ஸ் ஏறும். எரியும் வாயு வந்தால் அந்த ஆக்ஸிஜனைக் கிளப்பிவிடும், ரெசிஸ்டன்ஸ் இறங்கும். துகளை 6 நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் முழுத் துகளும் இந்த மாற்றத்துக்கு ஆளாகிறது; உணர்திறன் மளமளவென்று கூடுகிறது. கூடவே காப்பர் ஆக்ஸைடு சேர்த்தால் ஹைட்ரஜன் சல்பைடை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரன்! அந்த வாயு பட்டதும் காப்பர் சல்பைடாக மாறி, நடுவே இருந்த பி-என் ஜங்ஷன் உடைந்து கரண்ட் பாய்கிறது. நாம் படித்த அதே பி-என் ஜங்ஷன்தான்!

புராஜெக்ட்டுக்கு வாங்கும் எம்க்யூ-135-லும் இருப்பது இதே டின் ஆக்ஸைடு. 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்ற வேண்டும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஆனால் வைவா அன்று சுவிட்ச் போட்டதும் வரும் எண்ணை எழுதி மார்க் வாங்கிவிடலாம். மார்க் வரும், உயிர் வருமா? வெப்பமும் ஈரமும் மாறினால் அளவும் மாறும். தெரிந்த அளவு வாயுவைக் காட்டிச் சரிபார்க்காத மீட்டர், மரத்துப்போன மூக்குக்குச் சமம்.

ஒன்றை மறக்க வேண்டாம். மீட்டர் இருக்கிறது என்பதற்காக மனிதனைக் குழிக்குள் இறக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-லேயே சட்டம் தடுத்துவிட்டது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இறங்க வேண்டியது இயந்திரம். மேலே நின்று அதை இயக்குபவருக்கும், பம்பிங் ஸ்டேஷனில் வேலை பார்ப்பவருக்கும் காவல்தான் சென்சார்.

நானோ பொருளைக் கண்டுபிடிப்பவர் டாக்டர் பட்டம் பெற்றவராக இருக்கட்டும். அதைப் பொருத்தி, சரிபார்த்து, பழுது நீக்கப்போவது யார்? நாம்தான்! எனவே சென்சார் அளவுத்திருத்தம் நம் லேபில் ஒரு கட்டாயச் செய்முறையாக வேண்டும். நம் பேரவை இந்தக் கோரிக்கையை இந்த ஆண்டே எழுப்பட்டும்.

நம் கையில் இருப்பது ஸ்க்ரூடிரைவர் மட்டுமல்ல தோழர்களே... இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் மூச்சும்தான்!