முந்நூறு பேரும் எண்ணப்படாதவர்களும்

ஸ்பார்ட்டா என்றவுடன் தேர்மோபைலேக் கணவாயும் முந்நூறு வீரர்களுமே பலரின் நினைவுக்கு வருகின்றனர். 2007 இல் திரையரங்குகளுக்கு வந்த ஹொலிவூட் திரைப்படம் ஒன்று அந்த எண்ணையே தனக்குப் பெயராகச் சூடிக்கொண்டது. கி.மு. 480 இல் லியோனிடாஸ் மன்னனோடு அங்கே மடிந்தவர்களில் தெஸ்பியா நகரத்தவர் 700 பேரும் அடங்குவர். களத்தில் கிடந்த சடலங்களிடையே ஹெலொட்டுகளும் இருந்தனர் என ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். அவர்கள் எத்தனை பேர் என்று அவர் கூறவில்லை. உயிரிழப்புத் தொகைகளோடு நெடுங்காலம் மல்லாடிய பத்திரிகைக்காரன் என்ற வகையில், இந்த விடுபடலை என்னால் இலகுவில் கடந்துசெல்ல முடிவதில்லை.

யார் இந்த ஹெலொட்டுகள்? ஸ்பார்ட்டாவினால் அடிமைப்படுத்தப்பட்டு, நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அயல்நாடான மெசேனியாவின் மக்கள். தமது சொந்த மண்ணிலேயே அந்நியருக்காக உழைக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள். அவர்கள் விளைவித்ததை உண்டே ஸ்பார்ட்டாவின் பிரஜைகள் ஏழு வயது முதல் போர்ப் பயிற்சியன்றி வேறு தொழிலறியாது வாழ்ந்தனர். ஆண்டுதோறும் பதவியேற்கும் எபோர்கள் எனும் அதிகாரிகள், ஹெலொட்டுகள் மீது முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்வது வழக்கம். அவர்களைக் கொல்வது பாவமாகிவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு!

கிரேக்கத்தின் சுதந்திரக் காவலன் எனப் போற்றப்படும் இந்தப் படை, முதலாவதாகத் தனது ஆளுகைக்குட்பட்ட மக்களைக் காவல் செய்வதற்கே வடிவமைக்கப்பட்டது என்பதே எனது கருத்து. கி.மு. 479 இல் பிளாட்டியாப் போருக்குச் சென்ற 5,000 ஸ்பார்ட்டரில் ஒவ்வொருவருக்கும் ஏழு ஹெலொட்டுகள் துணை சென்றனர். அந்த விகிதமே ஸ்பார்ட்டாவின் அச்சத்தை விளக்கப் போதுமானது. பெலொப்பொனீசிய யுத்த காலச் சம்பவமொன்றைத் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். யுத்தத்தில் சிறப்பாகப் பணியாற்றிய ஹெலொட்டுகள் முன்வரலாம், விடுதலை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் தெரிவாகினர். மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தனர். பின்னர் அவர்கள் காணாமற்போயினர். ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டனர் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலை கேட்க முன்வரும் துணிவுள்ளவனே நாளை கிளர்ச்சி செய்பவன் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

இவ்வளவு காவலும் காத்த கூட்டமோ நாளுக்கு நாள் சுருங்கிற்று. பொது உணவு மண்டபத்துக்குரிய பங்கைச் செலுத்த இயலாதவன் பிரஜாவுரிமையை இழந்தான். நிலம் சிலரது கைகளில் குவியக் குவிய, இழந்தோர் தொகை பெருகியது. கி.மு. 480 அளவில் 8,000 என ஹெரொடோட்டஸ் குறிப்பிடும் வீரர் தொகை, பின்னர் ஆயிரத்தையும் எட்டவில்லை என்கிறார் அரிஸ்டோட்டில். கி.மு. 425 இல் ஸ்பக்டீரியாத் தீவில் 420 பேர் முற்றுகைக்குள் அகப்பட்டதுமே ஸ்பார்ட்டா சமாதானம் கேட்டுத் தூது அனுப்பியமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெல்ல முடியாத படை எனப் பெயரெடுத்ததற்கு இழப்பைத் தாங்கும் சக்தி இருக்கவில்லை.

கி.மு. 371 இல் லியூக்ட்ராவில் தீபஸ் நகரின் எபமினோண்டாஸ் தனது இடதணியை ஐம்பது வரிசை ஆழத்துக்கு நிறுத்தி மோதினார். களத்திலிருந்த 700 ஸ்பார்ட்டப் பிரஜைகளில் 400 பேர் வீழ்ந்தனர். மன்னன் கிளியோம்புரோட்டஸும் மாண்டான். போரியல் நூல்கள் அந்த அணிவகுப்பின் புதுமையையே விதந்துரைக்கின்றன. எனக்கோ அதன்பின் நிகழ்ந்ததே பெரிதாகப் படுகிறது. எபமினோண்டாஸ் மெசேனியாவை விடுவித்தார். கி.மு. 369 இல் மெசேனி நகரம் எழுந்தது. அதன் கல் மதில்களை இன்றும் காணலாம்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், எஞ்சியிருந்த பிரஜைகள் 700 பேருக்கு மேல் இல்லை என்கிறார் புளூட்டாக். கடன்களை ரத்துச் செய்து, நிலத்தை மீளப் பங்கிட்டு, அயலவரையும் பிரஜைகளாகச் சேர்க்க முயன்ற இளம் மன்னன் நான்காம் ஆகிஸ், கி.மு. 241 இல் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். அவனது திட்டத்திலும் ஹெலொட்டுகளுக்கு இடமிருக்கவில்லை.